மாத வாடகை பேசி ஓட்டுகிறோம், பெட்ரோல் விலையோ நிலையாக இல்லை: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தனிவண்டி எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெட்ரோல் கார். முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். காலையில் நான்கு பேரை அலுவலகத்தில் விட்டு மாலையில் திரும்பக் கூட்டி வருகிறேன். நடுவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நடை. இரண்டுமே மாத வாடகை. ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர், மாதம் 26 நாள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று டேஷ்போர்டு காட்டுகிறது. அந்தக் கணக்கில் மாதம் ஏறக்குறைய 190 லிட்டர் ஆகிறது.

வாடகையை ஒன்றாம் தேதி பேசி முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு விலை ஏறினால் முழுக்க என் தலையில்தான். போன மாதம் இரண்டாம் தேதியே 8 சதவீதம் ஏறி அப்படியே நின்றுவிட்டது. 190 லிட்டரில் 8 சதவீதம் என்றால் 15 லிட்டர் காசு. இரண்டு நாள் ஓட்டத்துக்கான பெட்ரோலை நான் கைக்காசு போட்டு ஊற்றியதாகத்தான் அர்த்தம். வருமானத்தில் தவணை போக மிஞ்சுவது கொஞ்சம், அதிலிருந்து இது போகிறது.

இதைச் சரிக்கட்ட இரண்டு நாள் ஏசியை அணைத்து ஓட்டினேன். பின் சீட்டில் வரும் ஒரு அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. கைக்குட்டையை நெற்றியில் ஒற்றி ஒற்றி எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சிக்னல் தாண்டியதும் நானே போட்டுவிட்டேன். ஏசி வண்டி என்று சொல்லித்தானே வாடகை பேசினேன், அதைக் குறைப்பது நியாயம் இல்லை.

இப்போது என் சந்தேகங்கள். விலை இறங்குமோ என்று ஒவ்வொரு முறையும் 5 லிட்டர் மட்டும் போடுகிறேன். இது சரியா, டேங்கை நிரப்புவது சரியா? நான் போகும் வழியில் ஒரு பங்க், வழியை விட்டு 3 கிலோமீட்டர் தள்ளி விலை குறைவாக இன்னொரு பங்க். அங்கே போய்ப் போடுவதில் லாபம் உண்டா? கடைசியாக, இதுதான் எனக்கு முக்கியம், மாத நடுவில் விலை ஏறினால் வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

தம்பி, நான் ஸ்டீயரிங் பிடித்து 27 வருடம் ஆகிறது. முதல் பத்து வருடம் நானும் உங்களைப் போலத்தான் விலைப் பலகையைப் பார்த்தே வண்டி ஓட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தள்ளி இருக்கும் பங்க் கணக்கை முதலில் முடித்துவிடலாம். போக 3, வர 3, ஆக 6 கிலோமீட்டர். உங்கள் வண்டி 15 கொடுத்தால் அதற்கே 0.4 லிட்டர் எரிகிறது. 20 லிட்டர் போடுகிறீர்கள் என்றால் 0.4 என்பது அதில் 2 சதவீதம். அந்த பங்கில் விலை 2 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால்தான் முதலுக்கே மோசம் இல்லாமல் வரும், லாபம் அதற்கு அப்புறம். நீங்கள் போடுவதோ 5 லிட்டர். அப்போது அந்த 0.4 லிட்டர் 8 சதவீதம் ஆகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து பங்குகளுக்குள் அவ்வளவு வித்தியாசம் நான் பார்த்ததே அபூர்வம். ஒரு சவாரி அந்தப் பக்கம் போனால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்றே போகாதீர்கள். போய் வரும் இருபது நிமிடத்துக்கும் ஒரு விலை உண்டு.

அடுத்து, விலை இறங்கும் என்று காத்திருப்பது. 25 லிட்டர் போட வேண்டிய இடத்தில் ஒரு நாள் காத்திருந்து 1 சதவீதம் இறங்கினால் மிச்சம் கால் லிட்டர். நாலு கிலோமீட்டர்கூட ஓடாது. இந்தக் கால் லிட்டருக்காக நான் பட்டது என்ன தெரியுமா?

ஒரு முறை விலை இறங்கப் போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரிசர்வ் விளக்கு எரிய ஆரம்பித்து இரண்டு நாள் நான் இரண்டு, மூன்று லிட்டராகப் போட்டு ஓட்டினேன். அப்படி ஓட்டுவது அதற்கு முன்னாலும் எனக்குப் பழக்கம்தான். மூன்றாம் நாள் விடியற்காலை ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன், பாதி வழியில் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் போய்விட்டது. பெட்ரோலை இஞ்செக்டர் வழியாகப் பீய்ச்சி எரிக்கும் இந்தக் கால வண்டிகளில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதைச் சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது. டேங்க் எப்போதும் வற்றியே கிடந்தால் பம்ப் சூட்டிலேயே ஓடி ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். அந்தப் பெரியவர் சாலை ஓரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் மருத்துவ ஃபைல். வேறு வண்டி வர அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

இப்போது என் வழக்கம் இதுதான்: முள் கால் பாகத்துக்கு வருவதற்குள் வழியில் இருக்கும் பங்கில் நிரப்பிவிடுவேன். நாசில் தானாக ‘டக்’ என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஆட்டி ஆட்டி ஊற்றச் சொல்லாதீர்கள். அந்த அதிகப்படி, ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். டேங்க் நிறைந்தால் பாரம் கூடி மைலேஜ் குறையும் என்பார்கள். 35 லிட்டர் பெட்ரோல் 26 கிலோதான். ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை. நாளைக்கு ஏறுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இன்றைக்கே நிரப்புங்கள், அதில் தவறில்லை. ஆனால் கேனில் வாங்கி வீட்டில் மட்டும் வைக்காதீர்கள், தயவுசெய்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக அடுப்பு வரைக்கும் ஊர்ந்து போகும்.

இனி நீங்கள் முக்கியம் என்று கேட்டது. வாடகையைக் கூட்டிக் கேட்க எனக்கும் வாய் வராது. ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டு, முதலிலேயே எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் மாத வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெட்ரோலுக்குப் போவது எத்தனை பங்கு? 40 என்று வைப்போம். ஒப்பந்தம் பேசும் நாளில், குறிப்பிட்ட ஒரு பெட்ரோல் பங்க்கின் விலைப் பலகையைப் போட்டோ எடுத்து அதை அடிப்படை விலை என்று எழுதுங்கள். விலை 5 சதவீதம் வரை ஏறினால் நான் தாங்கிக்கொள்கிறேன், அதற்கு மேல் போனால், ஏறிய முழு சதவீதத்தையும் வாடகையில் பெட்ரோலுக்குப் போகும் பங்குக்கு மட்டும் கூட்டித் தர வேண்டும் என்று எழுதுங்கள். விலை 10 சதவீதம் ஏறினால் வாடகை ஏறுவது 10 சதவீதம் இல்லை, 40 பங்கில் 10 சதவீதம், அதாவது 4 சதவீதம்தான். வாடிக்கையாளர் பயப்படுவது பெட்ரோல் ஏறிய அளவுக்கு வாடகையும் ஏறிவிடும் என்றுதான். இந்தக் கணக்கைக் காட்டினால் அந்தப் பயம் போய்விடும்.

அதே தாளில் இன்னொரு வரியும் எழுத வேண்டும்: விலை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் இதே கணக்கில் நான் குறைத்துக்கொள்வேன். இந்த வரியை எழுதாமல் விட்டால் மேலே சொன்னது எதுவும் வேலை செய்யாது. எழுதியபடி, அவர்கள் கேட்காமலே ஒரு முறை குறைத்துக் காட்டுங்கள். நான் குறைத்த மாதம் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, கணக்கு தப்பாக இருக்கிறதே, பணம் மிச்சம் வருகிறதே என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது சார் என்றேன். ஒன்பது வருடமாக அவர் குடும்பம் முழுக்க என் வண்டிதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டேஷ்போர்டு 15 காட்டுகிறது என்றீர்கள். நீங்களே டேங்க்-டு-டேங்க் போட்டுப் பார்த்தீர்களா? நாசில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்கி, முள் கால் பாகம் வரும் வரை ஓட்டி, அதே பங்கில் அதே நாசிலில் தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 40 பங்கா 50 பங்கா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

கிரீஸ்கை எழுதியது:

அண்ணன் சொன்ன டேங்க்-டு-டேங்க் கணக்கைக் கட்டாயம் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப்பில் எங்களிடம் மைலேஜ் இல்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள்.

உங்கள் ஓட்டத்துக்கு நான் முதலில் பார்ப்பது பிரேக். நின்று நின்று போகிற வண்டியில் ஒரு சக்கரம் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும், ஓட்டுகிறவருக்கே தெரியாது. காலை நடையை முடித்து வண்டியை நிறுத்தியதும் இறங்கி, நான்கு சக்கரத்தின் ரிம்முக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். முன் இரண்டும் ஒரே மாதிரி, பின் இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் உங்கள் பெட்ரோல் போகிறது.

டயரில் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், ஆறிய டயரில் பாருங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் அளவு ஒட்டியிருக்கும். நான்கிலும் 5 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் சுமார் 1 சதவீதம் போகும். சின்ன அளவுதான், ஆனால் டயரின் ஓரமும் சேர்ந்து தேய்கிறதே.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. இப்போதைய வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும், இஞ்செக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் போனால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, எஞ்சின் பிரேக்கும் இல்லை.

பிள்ளைகளுக்காகப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது எஞ்சினை அணையுங்கள். சின்னக் காரே ஏசியோடு ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் ஓடினால் ஒரு லிட்டர் அளவுக்குக் குடித்துவிடும். வெறுஞ்சாலையில் வேகத்தைக் கவனியுங்கள். 80-இல் இருந்து 100-க்குப் போனால் காற்று தடுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அப்புறம், மைலேஜ் கூட்டுகிறேன் என்று பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, இதெல்லாம் விற்க வருவார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இப்படி 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்திருக்கிறது. சொல்லும்படி மைலேஜ் கூட்டிய ஒன்றுகூட அதில் தேறவில்லை. அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மாற்றுங்கள்.

டிப்ராட் எழுதியது:

நான் ஒரு பங்கில் கணக்கு பார்க்கிறவன். எங்கள் பக்கம் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொன்னால் தனிவண்டிக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தினமும் காலையில் நிலத்தடி டேங்கில் அளவுகோல் விட்டு எத்தனை லிட்டர் இருக்கிறது என்று குறிக்கிறோம். கோலின் அடியில் ஒரு பசை தடவுவோம். தண்ணீர் இறங்கியிருந்தால் பசை நிறம் மாறும். அந்த டேங்கில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு. விலை இறங்கினால் அந்தச் சரக்கில் நஷ்டம், ஏறினால் லாபம். அதனால் இறங்கும் என்று தெரிந்தால் சிலர் லோடு எடுப்பதையே தள்ளிப்போடுவார்கள். அந்த நாட்களில் சில பங்கில் ஸ்டாக் இல்லை என்று பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

விலை ஏறும்போது சட்டென்று ஏறி, இறங்கும்போது மெதுவாக இறங்குகிறதே என்று எல்லோரும் எங்களிடம் கோபப்படுகிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்களே இதற்கு ‘ராக்கெட்டும் இறகும்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் பெட்ரோல் விலையை வைத்து 1991-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருந்து புழக்கத்துக்கு வந்த பெயர் அது. விலை ஏறும்போது மக்கள் நாலு பங்க் விசாரிக்கிறார்கள், இறங்க ஆரம்பித்ததும் விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

கச்சா எண்ணெய் பாதியாகிவிட்டது, பெட்ரோல் ஏன் பாதியாகவில்லை என்ற கேள்வியும் தினம் வரும். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர் கச்சா எண்ணெய். அதைச் சுத்திகரிக்க, கொண்டுவர, விற்க ஆகும் செலவும், லிட்டருக்கு இவ்வளவு என்று போடும் வரியும் கச்சா விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, அந்த வருடக் கடைசியில் 40 டாலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37 டாலருக்கும் கீழே முடிந்தது. அன்றைக்கும் எந்த பங்கிலும் பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஆகவே கச்சா விலைச் செய்தியைப் பார்த்து, நாளைக்கு இவ்வளவு இறங்கும் என்று நீங்கள் போடும் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப் போகும்.

விலை மாறும் நேரத்துக்கு உங்கள் இடத்தில் ஒழுங்கு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் 2011-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: விலையை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம், ஏற்றுவது மட்டும் நாளுக்கு ஒரு முறை, நண்பகல் 12 மணிக்குத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் மறுநாள் விலையை முந்தைய நாளே அரசிடம் சொல்லிவிட வேண்டும், காலை 6 மணியில் இருந்து 24 மணி நேரம் அதை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் நிரப்பும் நேரத்தைப் பார்த்து வைத்தால் கொஞ்சம் மிச்சம் உண்டு. அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். சூட்டுக்கு பெட்ரோல் விரிவது உண்மை, 10 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம். ஆனால் டேங்க் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே காலைக்கும் மதியத்துக்கும் சூடு மாறுவதே இல்லை என்று சொல்லலாம்.

தனிவண்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், சும்மா வரவில்லை, கணக்கோடு வருகிறேன்.

அண்ணன் சொன்னபடி மூன்று முறை டேங்க்-டு-டேங்க் போட்டேன். சராசரி 13.2. டேஷ்போர்டு 15 என்றே காட்டிக்கொண்டிருந்தது. மாதம் 190 லிட்டர் என்று நான் நினைத்தது உண்மையில் 217 லிட்டர். ஒவ்வொரு மாதமும் 26, 27 லிட்டர் என் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. விலை ஏறியதில் போன 15 லிட்டருக்காகத் தூக்கம் கெட்டவன், இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அன்று இரவு நோட்டை மூடி வைக்கவே மனம் வரவில்லை.

கிரீஸ்கை அண்ணா, உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இடது பின் சக்கரம். உள்ளங்கையை ஒரு சாண் தூரத்தில் வைத்தபோதே தெரிந்தது, வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் அடுப்பு மாதிரி. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சிலிண்டர் துருப்பிடித்து, சக்கரத்தைப் பிடிக்கும் ஷூ திரும்பாமலே நின்றிருந்தது. மாற்றிய பிறகு ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஒரு தட்டு தட்டினேன், ஐந்தாறு சுற்று தானாகச் சுற்றியது. டயரில் காற்றும் வைத்தேன், பள்ளி வாசலில் எஞ்சினையும் அணைக்கிறேன். நேற்றுப் போட்ட கணக்கில் 14.3 வந்திருக்கிறது. மாதத்துக்கு 200 லிட்டர்.

வாடகையில் பெட்ரோல் பங்கு 42 என்று வந்தது. ஒரு தாளில் எழுதி அலுவலக நடையில் வரும் நான்கு பேரிடமும் காட்டினேன். கை கொஞ்சம் நடுங்கியது. முதலில் வாங்கிப் படித்தவர் அந்த கைக்குட்டை அம்மாதான். இறங்கினால் குறைப்பேன் என்ற வரியில் விரலை வைத்து, இதை நீங்களாகவே எழுதினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேனா வாங்கி முதல் கையெழுத்து அவர்தான் போட்டார். மற்ற மூவரும் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி நடைதான் இன்னும் பாக்கி. அந்தப் பெற்றோர்கள் மூன்று மாதத்துக்குச் சேர்த்து முன்பணமாகத் தருகிறார்கள். வாங்கிய பணத்துக்கு நடுவில் கூடுதல் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ஸ்டீயரிங் எழுதியது:

கேட்காதீர்கள். வாங்கிய மூன்று மாதம் ஏறினாலும் இறங்கினாலும் உங்களுடையது. அடுத்த முறை பணம் வாங்கும் முன், அன்றைய விலையை அடிப்படையாக வைத்து அதே தாளைக் கொடுங்கள். வித்தியாசம் வந்தால் மூன்று மாத முடிவில் சேர்த்துப் பார்த்து, அடுத்த தவணையில் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுகிற மாதங்களுக்காக, இறங்குகிற மாதங்களில் மிஞ்சுவதைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள், வீட்டுச் செலவோடு கலக்க வேண்டாம். 14.3-க்கு வந்தது எனக்கு மகிழ்ச்சி. வலது பின் சிலிண்டரையும் ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒரே வயதுதானே.